முதுகில் எவ்வளவு பெரிதாகப் பெயர் போடலாம்?

பணியிடப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. சாலைப் பணியாளர்கள் அணியும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். 26 ஆண்டுகள் சாலைப் பணி முகாம்களில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவன் நான். அந்த ஜாக்கெட்டை ஆயிரக்கணக்கில் வாங்கியிருக்கிறேன், சில நூறுகளைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் சிறிய சாலை ஒப்பந்ததாரர். என்னிடம் 60 பேர் வேலை செய்கிறார்கள். பகலில் பள்ளம் மூடும் வேலை, இரவில் தார் விரிக்கும் வேலை. 120 ஜாக்கெட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறேன். நிறுவனத்தின் பெயரும் லோகோவும் முதுகு நிறையத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. வேலையைப் பார்வையிட வருபவர்களுக்கு எங்கள் ஆட்கள் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? எவ்வளவு பெரிதாக அச்சிடலாம்? ஆர்டரில் என்ன எழுத வேண்டும்?

பதில்: உங்கள் ஆசையில் தவறில்லை. சொந்த உழைப்பில் வளர்ந்த நிறுவனத்தின் பெயரைத் தொழிலாளியின் முதுகில் பார்ப்பது பெருமைதான். ஆனால் அந்த முதுகின் பெரும்பகுதி ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. எதிரே வரும் ஓட்டுநருக்கு. அவருக்குப் போக மிஞ்சும் இடம்தான் உங்கள் பெயருக்கு.

கணக்கைச் சொல்கிறேன். பல நாடுகள் பின்பற்றும் தரநிலை ஐஎஸ்ஓ 20471. இது 2013-இல் வந்தது. அதற்கு முன் இருந்தது இஎன் 471 என்ற ஐரோப்பியத் தரநிலை. ஜாக்கெட்டில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, பளீரென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பின்னணித் துணி. இது பகலுக்கு. வெயிலில் உள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவதால்தான் அந்தத் துணி தானே எரிவதுபோல் தெரிகிறது. விடியற்காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் இந்தத் துணியின் அருமை தெரியும். இரவில் அந்த வேலையை அது செய்யாது. இரவுக்கு இருப்பது இரண்டாவது பொருள், சாம்பல் நிறப் பட்டை. அதில் மயிரிழைத் தடிமனே உள்ள கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே அவை திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் கண் ஹெட்லைட்டுக்குச் சற்று மேலே இருப்பதால் அவருக்குப் பட்டை வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. பக்கத்தில் நிற்கும் நமக்கு அது வெறும் சாம்பல் நாடா.

இந்த இரண்டும் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. அதை வைத்து ஜாக்கெட்டை மூன்று கிளாஸாகப் பிரிப்பார்கள், எண் கூடக் கூட ஆள் நன்றாகத் தெரிவார். கிளாஸ் 2 என்றால் பின்னணித் துணி 0.50 சதுர மீட்டர், பட்டை 0.13 சதுர மீட்டர். கிளாஸ் 3 என்றால் 0.80, 0.20. கிளாஸ் 1-க்கு 0.14, 0.10. வண்டி ஓடும் சாலையில் நிற்பவருக்குக் கிளாஸ் 1 வாங்கிக் கொடுக்காதீர்கள். பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்படியானால் கிளாஸ் 2 ஜாக்கெட்டில் அந்த அகலப் பட்டை மொத்தம் 2.6 மீட்டர் நீளத்துக்குத் தைத்திருக்க வேண்டும். சாம்பிள் வந்ததும் டேப்பை எடுத்து நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

இனி உங்கள் கேள்வி. லோகோவும் எழுத்தும் மறைக்கிற பரப்பு இந்தக் கணக்கில் சேராது. அதைக் கழித்த பிறகும் 0.50 நிற்க வேண்டும். அதுவும் உங்கள் ஆர்டரில் இருப்பதிலேயே சின்ன அளவு ஜாக்கெட்டில் நிற்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கப் பார்த்தேன்.

ஒருமுறை 200 ஜாக்கெட்டுகள் வந்து இறங்கின. முதுகில் கருநீலக் கட்டம், அதற்குள் வெள்ளை எழுத்தில் நிறுவனத்தின் பெயர். மேசையில் விரித்துப் பார்த்தபோது மிக அழகாக இருந்தது. அன்று மாலை ஆறரை மணிக்குச் சாலையோரம் நடந்துபோய், சுமார் 100 மீட்டர் தொலைவில் திரும்பி நின்று பார்த்தேன். ஆள் தெரியவில்லை. தோளருகே ஒரு மஞ்சள் துண்டு, இடுப்பருகே ஒரு மஞ்சள் துண்டு, நடுவில் இருட்டு. அந்த இருட்டு பின்னால் நின்ற தார் மிக்ஸர் வண்டியின் நிழலோடு ஒட்டிப்போயிருந்தது. கூடாரத்துக்குத் திரும்பி ஸ்கேலை வைத்து அளந்தேன். கட்டம் 42-க்கு 26 சென்டிமீட்டர். 1,092 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 0.11 சதுர மீட்டர். சின்ன அளவு ஜாக்கெட்டில் அச்சுக்கு முன் இருந்த துணி 0.56. மிச்சம் 0.45. கிளாஸ் 2 இல்லை.

"பெரிய அளவுகளில் சரியாகத்தானே இருக்கிறது, சின்ன அளவு எத்தனை பேருக்கு வேண்டும்?" என்று ஜாக்கெட்டைக் கொடுத்தவர்கள் கேட்டார்கள். எங்கள் குழுவில் சின்ன அளவு அணிந்தவர் ஒரே ஒருவர். ஒல்லியான உடம்புள்ள பெண். அவருக்கு என்ன வேலை தெரியுமா? வேலை நடக்கும் இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால், கூம்புகள் தொடங்கும் இடத்தில் நின்று கொடி காட்டுவது. வரும் வண்டி முதலில் பார்க்க வேண்டிய ஆள் அவர்தான். 200-ஐயும் திருப்பி அனுப்பினேன். மாற்று வரும்வரை அச்சில்லாத பழைய ஜாக்கெட்டுகளோடு வேலை நடந்தது.

அதனால் என் வழி இது. இடது மார்பில் உள்ளங்கைக்குள் அடங்கும் லோகோ. முதுகில், தோள்பட்டைகளுக்கு இடையே, பட்டைக்கு மேலே ஒரே வரியில் பெயர். கட்டம் வேண்டாம், துணியின் மீது நேரடியாக எழுத்து மட்டும். கழிக்கும்போது எழுத்துக்கு எழுத்து அளக்காமல், பெயரைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து அந்தச் செவ்வகம் முழுவதையும் கழித்துவிடுவேன். 30-க்கு 8 சென்டிமீட்டர் என்றால் 240 சதுர சென்டிமீட்டர்தான் போகும். அது தாங்கக்கூடியது. பட்டையின் மீது ஓர் எழுத்தும் ஏறக் கூடாது. அடையாள அட்டைக்கான பை, வாக்கிடாக்கி மாட்டும் பட்டி இரண்டையும் முன்பக்கப் பட்டையை மறைக்கும்படி தைத்துக் கொடுப்பார்கள். அதையும் சாம்பிளில் பார்த்துவிடுங்கள்.

லோகோவை மின்னும் பொருளில் அச்சிட்டுத் தருகிறோம், அதுவும் பட்டைக் கணக்கில் சேரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தரநிலைப்படி சோதித்த பட்டைதான் கணக்கு. வெப்ப அழுத்தத்தில் ஒட்டும் லோகோ என்றால் அந்த இயந்திரத்தின் சூடான தட்டு பட்டையின் மீது படாமல் வேலை செய்ய வேண்டும். பட்டால் மணிகள் பதிந்த மேற்பரப்பு கெடும். மழைக்கான ஜாக்கெட் என்றால் எம்பிராய்டரி வேண்டாம், ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்கும்.

ஆர்டரில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும்: "ஐஎஸ்ஓ 20471, கிளாஸ் 2, நிறுவனத்தின் பெயரும் லோகோவும் அச்சிட்ட பிறகு, வழங்கப்படும் மிகச் சிறிய அளவிலும், பின்னணித் துணி 0.50 சதுர மீட்டருக்கும் பட்டை 0.13 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது." "அச்சிட்ட பிறகு" என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் அந்த வாக்கியம். சான்றிதழ் பெரும்பாலும் அச்சில்லாத ஜாக்கெட்டுக்கு வாங்கியதாக இருக்கும். அச்சிட்ட வடிவத்துக்கும் அது செல்லும் என்று தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். 120-க்கும் பணம் கட்டுவதற்கு முன், மிகச் சிறிய அளவில் உங்கள் பெயர் அச்சிட்ட ஒரே ஒரு ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, மாலையில் சாலையோரம் ஒருவருக்கு அணிவித்துப் பாருங்கள்.

இரவு வேலைக்கு ஒரு சொல். கையில்லாத ஜாக்கெட் தனியாகக் கிளாஸ் 3 ஆகாது. ஐஎஸ்ஓ 20471-இல் அந்தக் கிளாஸுக்கு உடம்போடு கைப்பகுதியோ முழுக்காலோ சேர்ந்து மறைய வேண்டும், அதில் பட்டையும் இருக்க வேண்டும். ஆகவே "கிளாஸ் 3 வெஸ்ட்" என்று கொட்டேஷனில் கண்டால் கேள்வி கேளுங்கள். கிளாஸ் 2 ஜாக்கெட்டோடு பட்டை வைத்த பேன்ட்டையும் சேர்த்து, இரண்டும் ஒரே ஜோடியாகச் சான்று பெற்றிருந்தால் கிளாஸ் 3-ஐ எட்டலாம். தார் விரிக்கும் உங்கள் இரவுக் குழுவுக்கு அதைத்தான் சொல்வேன்.

உங்கள் ஒப்பந்தம் ஐஎஸ்ஓவுக்குப் பதில் அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ/ஐஎஸ்இஏ 107-ஐக் கேட்டிருந்தால் அங்கே ஓ, ஆர், பி என மூன்று வகை. சாலைப் பணிக்கு ஆர். ஓ என்பது பொதுச் சாலைக்கு வெளியே நடக்கும் வேலைக்கு. கிளாஸ் எண்ணை மட்டும் எழுதி வகையை விட்டுவிட்டால் வேறு ஒன்று வந்து சேரும்.

கேள்வி: ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எல்லா விற்பனையாளரும் "சான்றிதழ் உண்டு" என்று ஒரு தாளை அனுப்புகிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை நம்புவது?

பதில்: முதலில் அந்தத் தாள் எதைப் பற்றியது என்று படியுங்கள். நான் பார்த்தவற்றில் மிகப் பல, பட்டைக்கு மட்டும் வாங்கிய சோதனை அறிக்கைகள். நல்ல பட்டையை வாங்கிச் சாதாரண மஞ்சள் துணியில் ஏதோ ஓர் அளவில் தைத்துவிட்டு, பட்டையின் அறிக்கையை ஜாக்கெட்டின் சான்று என்று நீட்டுவார்கள். நமக்கு வேண்டியது முழு ஜாக்கெட்டுக்கான சான்று. அதில் உள்ள மாடல் எண்ணும், ஜாக்கெட்டின் உள்ளே தைத்த லேபிளில் உள்ள மாடல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு சான்று வழங்கிய நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்புகொண்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விற்பனையாளர் கொடுக்கும் தொடர்பு எண்ணில் கேட்காதீர்கள், நீங்களே தேடி எடுங்கள்.

லேபிளில் ஜாக்கெட் வடிவத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரே ஓர் எண் இருந்தால் அது கிளாஸ். இரண்டு எண்கள் மேலும் கீழுமாக இருந்தால் அது பழைய இஎன் 471 முறை. அந்தச் சரக்கு எத்தனை ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

பட்டையின் அறிக்கையில் ஒரு வரியைத் தேடுங்கள். 12 நிமிடக் கோணத்தில் (இது நேரமல்ல, ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்கு) பார்த்து, 5 பாகைக் கோணத்தில் ஒளி விழும்போது திருப்பி அனுப்பும் திறன், புதியதாக இருக்கையில் 330-க்குக் குறையக் கூடாது. துவைப்பு, தேய்மானச் சோதனைகளுக்குப் பிறகு 100-க்குக் கீழே போகக் கூடாது. முதல் எண்ணை மட்டும் காட்டிவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாத அறிக்கைகளும் வரும். ஜாக்கெட் உழைக்குமா என்பதைச் சொல்வது இரண்டாவது எண்தான்.

ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. இருட்டில் ஜாக்கெட்டைக் கொடியில் தொங்கவிட்டுப் பத்தடி இல்லை, பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கைப்பேசி டார்ச்சை நெற்றிப்பொட்டருகே, கண்ணையொட்டிப் பிடித்துப் பாருங்கள். பட்டை வெள்ளையாக எரிய வேண்டும். டார்ச்சைக் கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அதே பட்டை மங்கிவிடும். முதல் நிலையிலேயே மங்கலாக இருந்தால் அது வெறும் வெள்ளிப் பூச்சு. இது சான்றுக்கு மாற்று ஆகாது. ஆனால் மோசமான சரக்கை அரை நிமிடத்தில் கழித்துக் கட்டிவிடலாம்.

கேள்வி: மஞ்சளா, ஆரஞ்சா?

பதில்: பின்னால் என்ன இருக்கிறதோ அதிலிருந்து விலகி நிற்கும் நிறம். மரமும் புல்லும் அடர்ந்த சாலையில் ஆரஞ்சு. ஆரஞ்சு நிறக் கூம்பும் பீப்பாயும் வரிசையாக நிற்கும் இடத்தில் மஞ்சள். இல்லாவிட்டால் ஆளும் கூம்புகளில் ஒன்றாகிவிடுவார். நிறுவனத்தின் வண்ணத்துக்கு ஏற்பப் பச்சையோ நீலமோ கேட்காதீர்கள். ஐஎஸ்ஓ 20471 ஏற்கும் பின்னணி நிறங்கள் மூன்றே: ஒளிரும் மஞ்சள், ஆரஞ்சுச் சிவப்பு, சிவப்பு.

கேள்வி: என் கணவர் சாலை வேலையில் மேஸ்திரி. அவருடைய ஜாக்கெட்டை மற்றத் துணிகளோடுதான் துவைக்கிறேன். தார்க் கறை போகாததால் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். இப்போது பட்டையில் மினுமினுப்பே இல்லை. நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒன்றுதான் தருகிறார்கள். நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

பதில்: அம்மா, உங்கள் மேல் தவறில்லை. ஜாக்கெட்டைக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவும் வேண்டாம். மணிகளைப் பிடித்திருக்கும் பசையை அவை இளக்கிவிடும். அதைவிட முக்கியம், அந்த வாடையோடு அவர் சூடான தாருக்குப் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. பிளீச்சிங் போட்டால் துணியின் ஒளிர்நிறம் போய்விடும். துணி மென்மையாக்கும் திரவம் மணிகளின் மீது படலமாகப் படியும், பட்டை மங்கும். உட்புறத்தை வெளியே திருப்பி, லேபிளில் சொன்ன சூட்டுக்கு மேல் போகாத தண்ணீரில், சாதாரணச் சோப்புத் தூளில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. பட்டையை பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

துவைத்து எடுத்த பிறகும் தார்க் கறை பட்டையின் மேல் அப்படியே இருந்தால், அல்லது டார்ச்சில் பட்டை எரியாவிட்டால், அந்த ஜாக்கெட்டின் காலம் முடிந்தது. இதை உங்கள் கணவர் வேலையிடத்தில் காட்டிப் புதியது கேட்கலாம், கேட்க வேண்டும். லேபிளில் "அதிகபட்சம் 25 துவைப்பு" என்பதுபோல ஓர் எண் இருக்கும். வாரம் ஒருமுறை துவைத்தால் 25 என்பது ஆறு மாதம்கூட வராது. தார் வேலைக்கு வாரம் ஒரு துவைப்பு போதவும் போதாது.

இந்தக் கடிதத்தை முதல் கேள்வி கேட்ட ஒப்பந்ததாரரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 60 பேருக்கு 120 என்று நீங்கள் கணக்கிட்டது சரி, ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில். ஆனால் அது ஆண்டு முழுமைக்கும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு லேபிளிலும் அழியாத மையில் கொடுத்த தேதியை எழுதி, துவைக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முடிந்தால் துவைக்கும் பொறுப்பையே நிறுவனம் எடுத்துக்கொள்ளட்டும். தார்க் கறையை ஒரு வீட்டுப் பெண்ணின் கையில் விட்டுவிடுவது நியாயமில்லை.

கேள்வி: ரோலர் ஓட்டுகிறேன். புழுக்கம் தாங்காமல் ஜாக்கெட்டின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன். சூப்பர்வைசர் திட்டுகிறார். அப்படி என்ன ஆகிவிடும்?

பதில்: பட்டை உடம்பைச் சுற்றி வளையமாக இருந்தால்தான் எந்தப் பக்கமிருந்து வரும் வண்டிக்கும் ஆள் தெரிவார். திறந்துவிட்டால் முன்பக்கம் இரண்டு மடிப்புகளாகச் சுருண்டு பட்டை உள்ளே போய்விடுகிறது. நீங்கள் ரோலரிலிருந்து இறங்கிப் பின்னால் வரும் டிப்பரைப் பார்த்து நிற்கிற நேரத்தில் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் சட்டை போட்ட ஒரு நிழல்.

ஆனால் புழுக்கம் உண்மை. திட்டுவதால் அது குறையாது. வலைத்துணியில் தைத்த, சான்று பெற்ற ஜாக்கெட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைக் கேளுங்கள். ரோலர், பேவர் (தார் விரிக்கும் இயந்திரம்) போன்றவற்றுக்கு அருகில் இருப்பவர்களுக்குத் தோளிலும் பக்கவாட்டிலும் முன்னாலும் வெல்க்ரோ வைத்த வகை நல்லது. இயந்திரம் எங்காவது கவ்வினால் ஜாக்கெட் மட்டும் பிரிந்து அதோடு போகும், ஆள் போகமாட்டார்.

வெட்டுவது, வெல்டிங் செய்வது, எரிவாயு பர்னர் பிடிப்பது ஆகிய வேலைகளில் இருப்பவர்களுக்குச் சாதாரணப் பாலியெஸ்டர் ஜாக்கெட் ஆகாது. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். வெப்பத்தையும் தீயையும் தாங்கும் உடைக்கான ஐஎஸ்ஓ 11612 சான்றும், வெல்டிங் போன்ற வேலை என்றால் அதற்கான ஐஎஸ்ஓ 11611 சான்றும் சேர்ந்துள்ள ஜாக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். அதன் மேல் அச்சிடும் மையும் எரியும் பொருள் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தக் குழுவுக்கு முதுகில் பெயரே வேண்டாம்.

கேள்வி: இவ்வளவும் சரியாக வாங்கிவிட்டால் இரவில் ஓட்டுநர் கட்டாயம் பார்த்துவிடுவார் அல்லவா?

பதில்: பார்ப்பார். ஆனால் பார்த்தது மனிதன் என்று அவருக்குப் புரிய வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கச் சாலை வடிவமைப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டரை விநாடி. பிரேக் பிடிப்பதற்கு முன்பே 55 மீட்டர் போய்விட்டது.

உடம்பில் மட்டும் பட்டை இருந்து, ஆள் அசையாமல் நின்றால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு பீப்பாயாகவோ பலகையாகவோ தோன்றலாம். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு போன்ற அசையும் இடங்களில் பட்டை இருந்தால், நடக்கும் அசைவைக் கண்டதுமே "மனிதன்" என்று மூளை அடையாளம் கண்டுகொள்கிறது. ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த விஷயம் இது. நானும் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு இரவு வேலையில் பாதிப் பேருக்குப் பட்டை வைத்த பேன்ட் வந்திருந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து தூரத்திலிருந்து வந்தேன். பேன்ட் அணிந்தவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகை, கூம்பு, தடுப்பு வண்டி எதற்கும் ஜாக்கெட் மாற்றாகாது. அவை எல்லாம் இருந்த பிறகுதான் இது.

கேள்வி: பழைய ஜாக்கெட்டுகளை என்ன செய்வது?

பதில்: அப்படியே குப்பையில் போடாதீர்கள். யாராவது எடுத்து அணிந்துகொண்டு, தான் தெரிவதாக நம்பிச் சாலையில் நிற்பார்கள். போதாததற்கு முதுகில் உங்கள் நிறுவனத்தின் பெயர் வேறு இருக்கும். முதுகை நடுவில் மேலிருந்து கீழாகக் கத்தரியுங்கள், பட்டைகளைக் குறுக்காக வெட்டுங்கள், வெட்டிய எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.